வானவில் – உபயம்

ஜூன் மாதம் பிறந்தால் நம் ஆங்கிலத் தினசரிகளில் ஒரு வாதம் தவறாமல் தலைகாட்டுகிறது. 1969-இல் நியூயார்க்கில் போலீஸ் தடிக்கு எதிராக எழுந்த ஒரு கூட்டம் இன்று பெரிய கம்பெனிகளின் கொடிகளோடு நடுத்தெருவில் ஆடிப்பாடிச் செல்கிறது. ஆகவே அது வெற்றி பெற்றுவிட்டது. பிரைடு என்பது இனிப் போராட்டம் அல்ல, கொண்டாட்டம். அதன் அர்த்தம் வளர்ந்திருக்கிறது. இப்படிச் சொல்பவர்கள் எதிரிகள் அல்ல. நல்லெண்ணம் உள்ளவர்கள், முற்போக்கானவர்கள். அதனால்தான் பதில் சொல்ல வேண்டியிருக்கிறது. எதிரியின் வாதம் யாரையும் தூங்க வைப்பதில்லை.

அர்த்தம் மாறிவிட்டது என்பதில் எனக்கு ஆட்சேபம் இல்லை. எதை வைத்து அதை அளக்கிறோம் என்பதில்தான் தகராறு. கொடியையும் கோஷத்தையும் கூட்டத்தின் எண்ணிக்கையையும் வைத்து அளக்கிறார்கள். நான் பார்ப்பது ஒன்றே ஒன்றை: நடைபாதையில் நிற்பவன் நினைத்தால் அதற்குள் இறங்கி நடக்க முடியுமா, முடியாதா? தேரோட்டத்தில் வடத்தைத் தொட்டவனுக்கும் மாடியில் நின்று பார்த்தவனுக்கும் நடந்தது ஒன்றல்ல.

1969-க்கு முன்னாலிருந்து தொடங்க வேண்டும். 1965 முதல் ஒவ்வொரு ஜூலை 4-ஆம் தேதியும் பிலடெல்பியாவில் சுதந்திர மண்டபத்தின் எதிரே தன்பால் ஈர்ப்பினர் சிலர் அட்டைகள் ஏந்தி வட்டமாக நடந்தார்கள். 'ஆண்டு நினைவூட்டல்' என்று அதற்குப் பெயர். ஆண்கள் கோட்டும் டையும், பெண்கள் கவுனும் அணிய வேண்டும் என்பது விதி. இதை வலியுறுத்தியவர் பிராங்க் காமெனி. ஹார்வர்டில் வானியலில் டாக்டர் பட்டம் பெற்றவர். ராணுவ வரைபடத் துறையில் வேலை பார்த்தவர். தன்பால் ஈர்ப்பினர் என்ற காரணத்துக்காக 1957-இல் வேலை பறிக்கப்பட்டவர். உச்ச நீதிமன்றம் வரை போனார். 1961-இல் அது அவர் மனுவைக் கேட்கவே மறுத்தது. வேலை கேட்கிறவன் வேலைக்கு லாயக்கானவனாகத் தோற்றமளிக்க வேண்டும் என்பது அவர் தர்க்கம். இதைக் கேலி செய்வது இன்று சுலபம். சம்பளம் நின்றுபோன மனிதனின் தர்க்கம் அது. மாதச் சம்பளக்காரனான எனக்கு அது புரிகிறது. (2009-இல் அமெரிக்க அரசு அவரிடம் முறைப்படி மன்னிப்புக் கேட்டது. ஐம்பத்திரண்டு வருஷம்.)

1969 ஜூன் 28 அதிகாலை ஸ்டோன்வால் மதுக்கடையில் போலீஸ் சோதனை. அடுத்து சில இரவுகள் கலவரம். அந்தக் கடை புரட்சிக் கோயில் ஒன்றும் இல்லை. மாஃபியாக் கும்பலுக்குச் சொந்தமான, போலீசுக்கு மாமூல் போன, தண்ணீர் கலந்த சாராயம் விற்ற இடம். நாலு கட்டிடம் தள்ளித்தான் 'வில்லேஜ் வாய்ஸ்' ஆபீஸ். மாற்றுப் பத்திரிகைகளுக்கெல்லாம் முன்னோடி என்று நாம் படித்து வைத்திருப்பது. அது அந்த இரவுகளை எழுதிய கேலித் தொனியில் ஜனங்கள் கொதித்துப் பத்திரிகை ஆபீசின் பக்கமே திரும்பினார்கள். அதே ஆண்டு செப்டம்பரில், 'கே' என்ற சொல் வந்த வரி விளம்பரத்தைப் போட மறுத்ததற்காக அதன் வாசலில் மறியல் நடந்தது. மாற்றுப் பத்திரிகைக்காரர்கள் இதை ஞாபகம் வைத்துக்கொள்வது நல்லது.

கலவரம் முடிந்த சில நாளில் வந்த ஜூலை 4 நினைவூட்டலில் இரண்டு பெண்கள் கைகோத்து நடந்தார்கள். காமெனி போய்ப் பிரித்துவிட்டார். கிரெய்க் ராட்வெல் என்ற புத்தகக் கடைக்காரர் இதைப் பார்த்துக்கொண்டிருந்தார். ஆஸ்கார் வைல்டின் பெயரில் 1967-இல் கடை வைத்தவர். அவர் மற்றவர்களையும் ஜோடி ஜோடியாகக் கைகோத்து நடக்கச் செய்தார். அவரும் நண்பர்களும் அந்த நவம்பரில் ஒரு மாநாட்டில் தீர்மானம் ஒன்று கொண்டுவந்தார்கள். நினைவூட்டல் இனி ஜூன் கடைசியில் நியூயார்க்கில் நடக்கும். அதில் உடைக் கட்டுப்பாடும் வயதுக் கட்டுப்பாடும் இராது. பிரைடின் பிறப்புச் சான்றிதழ் என்று ஏதாவது உண்டென்றால் எனக்கு அது மதுக்கடைக் கலவரம் இல்லை, இந்தத் தீர்மானத்தின் அந்த வாசகம்தான். யாருக்குப் பிடித்த மாதிரித் தோற்றமளிப்பது என்ற கேள்வியையே அது தூக்கி எறிந்துவிட்டது.

1970 ஜூன் 28-இல் கிரீன்விச் வில்லேஜிலிருந்து ஆறாவது அவென்யூ வழியாக சென்ட்ரல் பார்க் வரை நடந்தார்கள். கல் வீசுவார்களோ என்ற பயத்தில் வேகமாகவே நடந்தார்களாம். கிளம்பியபோது இருந்த கூட்டம் பார்க்கைச் சேர்ந்தபோது பல மடங்காகிவிட்டது. எங்கிருந்து வந்தார்கள்? நடைபாதையிலிருந்து. ஓரமாக, யாரோ எவரோ போல் நின்று பார்த்துக்கொண்டிருந்தவர்கள் ஒவ்வொருவராகக் கீழே இறங்கினார்கள். அந்த ஒரு அடி உயரக் கல்தான் விஷயம். அதிலிருந்து கால் இறங்கியவனுக்கு மறுநாள் வேலை இருக்குமா, வீடு இருக்குமா என்று தெரியாது. அந்தக் காலடி இல்லாமல் இந்த நடைக்கு அர்த்தம் இல்லை.

அதே நாள் லாஸ் ஏஞ்சல்ஸிலும் ஊர்வலம். அனுமதி வேண்டுமானால் 10 லட்சம் டாலருக்கு ஒன்றும் 5 லட்சம் டாலருக்கு ஒன்றுமாக இரண்டு ஜாமீன் பத்திரங்கள் கொடு என்றது போலீஸ் ஆணையம். கோர்ட் அதைத் தள்ளியது. தெருவில் நடக்கப் பணம் கட்டு என்று அன்று அரசு கேட்டது, கோர்ட்டுக்குப் போனார்கள். பின்னால் வந்தவர்கள் அதே மாதிரித் தொகைகளை இன்ஷூரன்ஸ், காவல், தடுப்பு, மேடை என்ற பெயர்களில் தாங்களே கட்டப் பழகிக்கொண்டார்கள். கூட்டம் பெருகினால் செலவு பெருகும். செலவு பெருகினால் உபயதாரர் வேண்டும். உபயதாரருக்குத் தன் பெயர் தெரியக் கூட்டம் இன்னும் பெருக வேண்டும். இதில் சதி எதுவும் இல்லை. கணக்குதான்.

ஆரம்பத்தில் எல்லாம் பரிசுத்தமாக இருந்தது என்று கண்ணீர் விடும் கோஷ்டியிலும் நான் இல்லை. 1973-லேயே நியூயார்க்கில் மேடை வந்துவிட்டது. மேடை வந்ததும் யார் ஏறலாம் என்ற கேள்வியும் வந்துவிட்டது. வாஷிங்டன் சதுக்கத்துக் கூட்டத்தில் சில்வியா ரிவேரா என்ற திருநங்கை முட்டி மோதித்தான் மேடை ஏறினார். சிறையில் கிடக்கும் தம் மக்களைப் பற்றிப் பேசினார். கீழே இருந்தவர்கள் கூச்சல் போட்டார்கள். கூச்சல் போட்டவர்கள் மூன்று வருஷத்துக்கு முன் நடைபாதையிலிருந்து இறங்கியவர்கள்தாம்.

2018 வாக்கில் நியூயார்க் அணிவகுப்பில் நடக்கவேண்டுமானால் பதிவுபெற்ற குழுவில் இருக்க வேண்டும், மணிக்கட்டில் பட்டை வேண்டும் என்று ஆகியிருந்தது. ஒரு குழுவுக்கு இத்தனை பட்டை என்று அளவு. மற்றவர்கள் இரும்புத் தடுப்புக்கு அந்தப் பக்கம். ராட்வெல் எடுத்தெறிந்த உடைக் கட்டுப்பாடு இப்போது ஒரு பட்டையாகச் சுருங்கி வந்து சேர்ந்தது. தடுப்புக்கு வெளியே நிற்கும், வீட்டில் இன்னும் சொல்லாத ஒரு பையன் அலங்கார ஊர்திகளைப் பார்த்துக் கை தட்டலாம், போட்டோ பிடிக்கலாம், இறங்க முடியாது.

நம் கோயில்களில் ஒரு டியூப் லைட்டைக் கொடுத்துவிட்டு, அதன் மேல் 'உபயம்' என்று பெயரை எழுதி, வெளிச்சத்தில் பாதியை மறைத்துவிடுவார்களே, அந்த நினைப்புதான் வருகிறது. நான் வங்கிக் குமாஸ்தா. உபயதாரர் பணம் எந்தத் தலைப்பில் கணக்கில் ஏறும் என்று எனக்குத் தெரியும்: விளம்பரச் செலவு. எதிரே வரவு தெரியாவிட்டால் அடுத்த வருஷம் அந்தத் தலைப்பில் பூஜ்யம் விழும். 2025-இல் விழுந்தது. டிரம்ப் அரசு நிறுவனங்களின் பன்மைத் திட்டங்களைக் குறிவைத்து உத்தரவுகள் போட்டதும் ஸான்பிரான்சிஸ்கோ பிரைடிலிருந்து அன்ஹைசர்-புஷ், காம்காஸ்ட், டியாஜியோ ஆகியவை கழன்றுகொண்டன. நியூயார்க்கில் உபயதாரர்களில் ஏறக்குறைய கால்வாசிப்பேர் விலகினார்கள், அல்லது தொகையைக் குறைத்தார்கள். இதைத் துரோகம் என்று சொல்வதைக் கேட்டால் சிரிப்பு வருகிறது. துரோகம் செய்ய முதலில் உறவு இருக்க வேண்டும். பணம் தருகிறோம், பெயரை மட்டும் போடாதீர்கள் என்று கேட்டவர்களும் உண்டு! மறைந்து வாழாதே, வெளியே வா என்று சொல்லப் பிறந்த ஒரு நாளுக்கு மறைந்து நின்று பணம் கொடுக்கிறவன். இதற்கு மேல் நான் என்ன அங்கதம் எழுத?

அந்த பிப்ரவரியில்தான், 2016 முதல் தேசியச் சின்னமாக இருக்கும் ஸ்டோன்வாலின் அரசு இணையப் பக்கத்திலிருந்து திருநங்கையரையும் திருநம்பியரையும் குறிக்கும் சொல்லையும் எழுத்தையும் நீக்கினார்கள். 1973-இல் கூட்டம் கூச்சலால் செய்ய முயன்றதை 2025-இல் அரசாங்கம் ஓசையின்றிச் செய்தது.

எதிர்வாதத்தில் நியாயமே இல்லையா? இருக்கிறது. ஒரு பெரிய நிறுவனம் தன் சிப்பந்தியின் துணைக்கும் மருத்துவக் காப்பீடு தருகிறது என்றால் அது சம்பள விஷயம். சம்பள விஷயத்தைச் சில்லறை என்று எந்தத் தொழிற்சங்கக்காரனும் சொல்ல மாட்டான். ஆனால் அது கேட்டு வாங்கிய உரிமை. ஊர்தியில் பெயர் எழுதிக்கொள்வதற்கு அது விலை ஆகாது.

வெளியார் ஒருவர் இந்த ஊர்வலத்தில் கலந்துகொள்வது எப்படி இருக்க வேண்டும் என்பதற்கு என்னிடம் ஒரு உதாரணம் உண்டு. 1984-85-இல் பிரிட்டிஷ் சுரங்கத் தொழிலாளர் வேலைநிறுத்தத்தின்போது லண்டனில் சில தன்பால் ஈர்ப்பினர் தெருவில் வாளி ஏந்திப் பணம் திரட்டி, வேல்ஸின் டூலைஸ் பள்ளத்தாக்குக்கு அனுப்பினார்கள். சுரங்க ஊர்கள் முற்போக்குக்குப் பெயர் போனவை அல்ல. 1985 மார்ச்சில் வேலைநிறுத்தம் தோற்றது. அந்த ஜூனில் தோற்ற தொழிலாளிகள் தங்கள் சங்கப் பதாகையோடு லண்டன் வந்து பிரைடின் முன்வரிசையில் நடந்தார்கள். கொடுக்க அவர்களிடம் கால்களைத் தவிர ஏதும் இல்லை. அதே ஆண்டு லேபர் கட்சி மாநாட்டில் சமஉரிமைத் தீர்மானம் வந்தபோது சுரங்கச் சங்கம் தன் ஓட்டை அதற்குப் போட்டது. விளம்பரச் செலவு என்ற தலைப்பில் இதை எழுத முடியுமா?

சொல்லைப் பற்றியும் ஒன்று சொல்லிவிடுகிறேன். ஆரம்பத்தில் இதற்கு அமெரிக்காவிலேயே 'விடுதலை நாள்', 'சுதந்திர நாள்' என்றுதான் பெயர்கள். 'பிரைடு' மேலேறிவந்தது பிறகு. விடுதலை என்றால் யாரிடமிருந்து என்று கேட்க வேண்டியிருக்கும். பெருமை என்றால் கேட்க வேண்டாம், பனியனில் அச்சடித்து விற்கலாம். சென்னையில் 2009 ஜூன் 28-இல் கடற்கரையில் முதல் நடை நடந்தது. நாலு நாள் கழித்துத்தான் டில்லி உயர்நீதிமன்றத் தீர்ப்பே வந்தது. பின்னர் இங்கே அதற்கு 'வானவில் சுயமரியாதைப் பேரணி' என்று பெயர் வைத்தார்கள். மொழிபெயர்ப்பில் மூலம் திருந்திய அபூர்வ சந்தர்ப்பம். பெருமையை ஒருவன் வீட்டிலேயே வைத்துக்கொள்ளலாம். சுயமரியாதைக்கு எதிரே மரியாதை தர மறுத்தவன் ஒருவன் நின்றாக வேண்டும். பேரணி என்றும் சொன்னார்கள், அணிவகுப்பு என்று சொல்லவில்லை.

கம்பெனிப் பணம் போனால் பிரைடே போய்விடும் என்று பயப்படுகிறார்கள். இஸ்தான்புல்லில் 2015 முதல் தடை. தண்ணீர்ப் பீரங்கி அடித்துக் கலைத்தார்கள். அதற்குப் பின்னும் சந்துகளில் கூடி அறிக்கை வாசித்தார்கள். புடாபெஸ்டில் 2025 மார்ச்சில் தடை செய்ய வழிவகுக்கும் சட்டம், முகத்தை அடையாளம் காணும் கேமராக்கள், 2 லட்சம் ஃபோரின்ட் வரை அபராதம். ஜூன் 28 அன்று அந்த நகரம் அதுவரை காணாத கூட்டம் நடந்தது. ஒரு லட்சத்துக்கும் மேல் என்றார்கள். அமைப்பாளர்கள் கணக்கில் 2 லட்சத்தை நெருங்கியது. அபராதத்துக்குத் துணிந்துதான் அவர்கள் நடைபாதையிலிருந்து இறங்கினார்கள்.

நியூயார்க்கிலேயே 2019-இல் சிலர் பிரிந்துபோய், கம்பெனி ஊர்தியும் சீருடைப் போலீசும் இரும்புத் தடுப்பும் இல்லாமல் 1970-இன் வழியிலேயே சென்ட்ரல் பார்க் வரை நடந்தார்கள். மறுவருஷம் கொள்ளை நோயால் அதிகாரபூர்வ அணிவகுப்பு ரத்து. முதல் நடையின் ஐம்பதாம் ஆண்டு அது. இவர்கள் கறுப்பின மக்களின் உயிர்களுக்காக என்று அறிவித்து 2020 ஜூன் 28 அன்று நடந்தார்கள். ரிவேராவைக் கூச்சலிட்ட அதே வாஷிங்டன் சதுக்கத்தருகே போலீஸ் அவர்கள் மேல் மிளகு ஸ்பிரே அடித்தது. 1969 சோதனைக்காக நியூயார்க் போலீஸ் கமிஷனர் மன்னிப்புக் கேட்டு அப்போது ஒரு வருஷத்துக்குச் சற்று மேல் ஆகியிருந்தது.