புகைபோக்கி தெரியாத விடியலில் ட்ரோன் எழக்கூடாது

மார்கழியும் தையும் வடசென்னைக்குப் பனி மாதங்கள். கொசஸ்தலை ஆறு கடலில் சேரும் எண்ணூர் முகத்துவாரக்குப்பத்தில் விடியற்காலை நின்றால், வடகரையிலுள்ள அனல்மின் நிலையத்தின் புகைபோக்கிகள் சில நாள் முழுதாகத் தெரியும். சில நாள் பாதி தெரியும். சில நாள் அறவே தெரியாது. தெரியாத நாளில் அங்கே ட்ரோன் பறக்கவிடுவதைச் சட்டம் வெளிப்படையாகத் தடுக்க வேண்டும். இன்று தடுக்கவில்லை.

முன்பு தடுத்தது. 2018 டிசம்பர் 1 முதல் நடைமுறைக்கு வந்த சிவில் விமானப் போக்குவரத்து இயக்குநரகத்தின் விதிகளில், பார்வைத் தெளிவு குறைந்தது 5 கிலோமீட்டர் இருக்க வேண்டும், மேகத்தின் அடிமட்டம் 450 மீட்டருக்குக் கீழே இறங்கியிருக்கக் கூடாது என்று எண்களாகவே எழுதப்பட்டிருந்தது. 2021 ஆகஸ்டில் வந்த ட்ரோன் விதிகள் 25 படிவங்களை ஐந்தாகவும், 72 வகைக் கட்டணங்களை நான்காகவும் குறைத்தன. அதை வரவேற்றோம், இன்றும் வரவேற்கிறோம். ட்ரோனுக்கென்றே ஒரு கழகம் தொடங்கிய மாநிலம் தமிழ்நாடு. இந்தத் தொழில் வளர்வதில் நமக்கு மாற்றுக் கருத்தில்லை. ஆனால் படிவங்களோடு சேர்ந்து அந்தப் பார்வைத் தெளிவு எண்ணும் காணாமல் போனது. உயிருக்கோ உடைமைக்கோ ஆபத்து விளையும்படி இயக்கக்கூடாது என்ற பொதுவான வாசகம்தான் மிச்சம். அது விபத்து நடந்தபின் வழக்குப் போட உதவும். விடியற்காலை ஐந்தரை மணிக்கு ரிமோட்டைக் கையில் வைத்திருக்கும் இளைஞருக்கு எதையும் சொல்லாது. அமெரிக்காவில் சிறிய ட்ரோன்களுக்கு மூன்று மைல் பார்வைத் தெளிவு கட்டாயம். அங்கே அந்த விதி தொழிலை முடக்கிவிடவில்லை.

குளிர்காலம் என்றதும் பேட்டரியைப் பற்றித்தான் எல்லாரும் எச்சரிக்கிறார்கள். உறைபனி விழும் உதகையில் அது சரி. லித்தியம் பேட்டரி குளிரில் சீக்கிரம் சோர்ந்துவிடும், சூடேற்றித்தான் பறக்கவிட வேண்டும். ஜனவரியிலும் இருபது டிகிரியை ஒட்டியே நிற்கும் எண்ணூரில் சிக்கல் வேறு. இங்கே பனி என்பது நீர்த்துளி, உப்பு, புகை மூன்றும் கலந்தது. ஈரம் மோட்டாருக்குள்ளும் மின்சுற்றுக்குள்ளும் இறங்குகிறது, உப்பு அரிக்கிறது. ஏசி காரிலிருந்து எடுத்தவுடன் பறக்கவிட்டால் லென்ஸ் வியர்த்துப் போகிறது. தடை உணரும் கேமராக்கள் அடர்ந்த பனியையே சுவர் என்று எண்ணி நின்றுவிடுகின்றன, அல்லது எதையும் காணாமல் முன்னேறுகின்றன. தரையைப் பார்த்து நிலைகொள்ளும் கேமராவோ நீர்ப்பரப்பின் மேல் தெளிந்த நாளிலேயே தடுமாறும். தொடர்பு அறுந்தால் ட்ரோன் தானாக ஒரு குறிப்பிட்ட உயரத்துக்கு எழும்பிப் புறப்பட்ட இடத்துக்குத் திரும்பும். அந்த வழியில்தான் கழிமுகத்தைக் கடக்கும் உயர் அழுத்த மின்கம்பிகள் இருக்கின்றன. பனியில் கம்பி மனிதக் கண்ணுக்கும் தெரியாது, கேமராவுக்கும் தெரியாது.

பகலில் மட்டும் பறக்கவிடலாம் என்று சொன்னால் போதாதா என்று கேட்கலாம். போதாது. நிலப்பனி பல நாள்களில் சூரியன் உதித்த பிறகுதான் இன்னும் அடர்த்தியாகும். அதோடு போகி இருக்கிறது. 2018 ஜனவரி 13 அன்று போகிப் புகையும் பனியும் சேர்ந்து சென்னைக்கு வந்த விமானங்களையே வேறு ஊர்களுக்குத் திருப்பி அனுப்பின. கருவிகளும் கட்டுப்பாட்டு அறையும் உள்ள விமானங்களுக்கே அந்த நிலை.

கீழே யார் இருக்கிறார்கள் என்பதே நமக்கு முக்கியம். அந்த நேரத்தில்தான் ஃபைபர் படகுகள் முகத்துவாரம் வழியாகக் கடலுக்குப் போகின்றன, வருகின்றன. கழிமுகத்தில் இடுப்பளவு நீரில் இறால் தடவுகிறவர்கள் நிற்கிறார்கள். நூறு மீட்டர் உயரத்திலிருந்து இரண்டு கிலோ எடை தலையில் விழுந்தால் உயிர் மிஞ்சாது. கரையைச் சுற்றி எரிபொருள் கிடங்குகள் இருக்கும் வட்டாரத்தில் உடைந்த லித்தியம் பேட்டரி தீப்பற்றுவதும் சிறிய விஷயமல்ல. ஆலைகளால் மீனையும் ஆற்றையும் இழந்துவரும் குப்பங்களின் தலைமேல் இன்னொரு ஆபத்தை ஏற்ற யாருக்கும் உரிமை இல்லை.

ஆனால் பனி நாளில்தான் ட்ரோன் மிகவும் தேவைப்படும் என்பதையும் மறுக்க முடியாது. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு வந்த எண்ணெய் இந்தக் கழிமுகத்தை மூடியது. அதே மாதம் 26ஆம் தேதி நள்ளிரவில் பெரியகுப்பம் அருகே கடலடிக் குழாயிலிருந்து அமோனியா கசிந்து, மக்கள் குழந்தைகளைத் தூக்கிக்கொண்டு ஓடினார்கள். அப்படியொரு மார்கழி இரவில் எது பனி, எது வாயு என்று கரையில் நிற்பவருக்குத் தெரியாது. வாயு உணரி பொருத்திய ட்ரோன் ஒன்று உயிர்களைக் காக்கக்கூடும். ஆகவே தீயணைப்புத் துறை, பேரிடர் மீட்புப் படை, கடலோரக் காவல்படை ஆகியவற்றின் பயிற்சி பெற்ற குழுக்களுக்கு விலக்கு வேண்டும். வெப்பக் கேமரா வைத்திருந்தால் போதும் என்ற நம்பிக்கையோடு அவர்களும் இறங்கக் கூடாது. அடர்பனியில் அதன் பார்வையும் மங்கும். மின்கம்பிகள், கோபுரங்கள், பாரந்தூக்கிகள் எல்லாம் குறித்த வரைபடம் ஒன்று முன்கூட்டியே அவர்கள் கையில் இருக்க வேண்டும். திருமணப் படம், மனை விளம்பரம், செய்திக் காட்சி இவற்றுக்கு விலக்கே கூடாது. ஒன்பது மணிவரை காத்திருந்தால் அவர்களுக்கு ஒன்றும் குறைந்துவிடாது.

மத்திய அரசு 2025 செப்டம்பரில் சிவில் ட்ரோன் மசோதாவின் வரைவைக் கருத்துக் கேட்புக்கு வெளியிட்டது. அதையொட்டி எழுதப்படும் விதிகளில் பார்வைத் தெளிவு எண் திரும்ப வர வேண்டும். அதை அளக்க மீனம்பாக்கம் விமான நிலையத்தின் கணிப்பு எண்ணூருக்கு உதவாது. காமராஜர் துறைமுகமும் அனல்மின் நிலையமும் சேர்ந்து முகத்துவாரத்தில் ஓர் அளவி வைத்து, அது காட்டும் எண்ணைப் பனி மாதங்களில் தமிழில் அன்றாடம் அறிவிக்க வேண்டும். அவற்றை நடத்தும் செலவோடு ஒப்பிட்டால் இது பெரிய தொகையல்ல. அதுவரை இந்தக் கரையில் ட்ரோன் இயக்குபவர்களிடம் நாம் வைக்கும் வேண்டுகோள் ஒன்றுதான்: வடகரைப் புகைபோக்கியின் உச்சி தெரியும்வரை பெட்டியைத் திறக்காதீர்கள்.