துலிப் சாகுபடி: பூவா, கிழங்கா?

கிழங்கு நட்டுப் பயிராகும் பூவினங்களுள் உலக வியாபாரத்தில் தலைமை பெற்றது துலிப். ஆண்டுதோறும் பங்குனி மாதத்தில், காஷ்மீரத்து ஸ்ரீநகரில், தால் ஏரிக்கு எதிரே ஜபர்வான் மலையடிவாரத்தில் பல வர்ணங்களில் பூத்து நிற்கும் துலிப் தோட்டத்தின் படங்களைக் காணும் நிலச்சுவான்தார்களுக்கு, சம்பங்கியைப் போல இதனையும் நட்டு லாபம் பெறலாகாதா என்னும் எண்ணம் தோன்றுவது இயற்கையே. அவ்வெண்ணத்தின்பேரில் கைமுதலைச் செலவிடுமுன், இப்பயிரில் விளைச்சல் எனப்படுவது பூவா, கிழங்கா என்பதைத் தெளிந்து கொள்ளுதல் அவசியம். ஒரே கிழங்கிலிருந்து ஒரே வருஷத்தில் சந்தைக்கேற்ற பூவையும் மறுவருஷத்திற்கேற்ற கிழங்கையும் ஒருங்கே பெற இயலாது. இப்பயிரின் முதல் விதி இதுவே. இதனை அறியாது இறங்குபவர் இரண்டையும் இழக்க நேரும்.

துலிப் கிழங்கு பார்வைக்கு வெங்காயத்தை ஒத்தது. வளரும் விதமும் ஏறக்குறைய அதுவே. சின்ன வெங்காயத்தை நட்டால், நட்ட காய் கரைந்து, அதனிடத்தில் பல காய்கள் கொத்தாகத் திரள்வதைக் குடியானவர் யாவரும் அறிவர். துலிப்பிலும் தாய்க்கிழங்கு தன்னிடம் சேர்ந்திருந்த உணவையெல்லாம் இலைக்கும் பூவுக்கும் அளித்துவிட்டு அவ்வருஷத்திலேயே மறைந்து போகிறது. அதன் செதில்களின் இடுக்குகளில் பெரிய சேய்க்கிழங்கு ஒன்றும் சிறியவை சிலவும் உண்டாகின்றன. இவை பருப்பதெல்லாம், பூ முடிந்த பின்னும் சில வாரங்கள் பசுமை மாறாது நிற்கும் இலைகளின் உழைப்பினாலேயே ஆம். செடி ஒன்றுக்கு இலைகளோ பெரும்பாலும் மூன்று அல்லது நான்கு. கடைக்குச் செல்லும் பூவுக்கு நீண்ட தண்டு வேண்டும். தண்டை அறுத்தால் இலைகளும் உடன் போய்விடும். இலை போனால் சேய்க்கிழங்கு பருக்காது. பருக்காத கிழங்கு மறுவருஷம் ஒற்றை இலையை மட்டும் விட்டுப் பூவாமல் நிற்கும். ஆதலின், பூவைத் தண்டோடு அறுத்து விற்றுவிட்டு அதே கிழங்கை அடுத்த போகத்துக்கும் நம்பியிருப்பவர், விதைநெல்லைக் குற்றிச் சோறாக்கிவிட்டு நாற்றங்காலை உழுகிறவருக்கு ஒப்பாவர்.

இப்பயிரில் நெடுநாள் தேர்ந்த நெதர்லாந்து தேசத்தார் இவ்விதியை உணர்ந்து, தொழிலை இரண்டாகப் பிரித்து வைத்துள்ளனர். கிழங்கு விளைவிப்போர் கடலோர மணற்பாங்கான நிலங்களிலும், நீரை வடித்து மீட்ட நிலங்களிலும் அக்டோபர், நவம்பர் மாதங்களில் நடுகின்றனர். ஏப்ரல், மே மாதங்களில் பூ விரிந்ததும், இனக் கலப்பும் நோயும் உள்ள செடிகளைக் களைந்துவிட்டு, எஞ்சிய பூக்கள் அனைத்தின் தலைகளையும் இயந்திரத்தால் கொய்து எறிகின்றனர். காண்போருக்கு இது பெரும் அநியாயமாகத் தோன்றும். ஆயினும் தலை மட்டும் போய், தண்டும் இலையும் நிற்பதால், விதைக்குச் செல்லவேண்டிய சத்து முழுதும் கிழங்கில் இறங்குகிறது. இலை பழுத்தபின், ஜூன், ஜூலையில் கிழங்கைத் தோண்டி உலர்த்திச் சுற்றளவின்படி தரம் பிரிக்கின்றனர். பெருத்தவை விற்பனைக்கும், சிறுத்தவை மறு நடவுக்கும் செல்லும்.

பூ விற்போரின் தொழில் வேறு. அவர்கள் பெருத்த கிழங்குகளை விலைக்கு வாங்கிக் குளிர்அறைகளில் வைத்து, பின்னர் கண்ணாடிக் கூடங்களில் பெரும்பாலும் தண்ணீர்த் தட்டுகளிலேயே முளைக்கவிட்டு, மூன்று நான்கு வாரங்களில் மொட்டோடு எடுக்கின்றனர். பூவைக் கொடுத்த கிழங்கு குப்பைக்குப் போகிறது. அவர்கள் கணக்கில் கிழங்கு ஒருமுறைச் செலவு. முன்னவர் கணக்கில் பூ ஒரு களை. 1950-ல் பொதுமக்களுக்குத் திறக்கப்பட்ட கேகன்ஹாஃப் தோட்டத்தில் ஆண்டுதோறும் சுமார் 70 லட்சம் கிழங்குகள் நடப்படுவதும், அவற்றைக் கிழங்கு வியாபாரிகளே அளிப்பதும் கவனிக்கத்தக்கவை. ஊரார் பூவைக் கண்டு மகிழ, நாட்டார் கிழங்கை விற்று வாழ்கின்றனர்.

இந்த அறிவு அவர்களுக்கு நஷ்டமின்றி வந்ததன்று. மத்திய ஆசியாவில் தோன்றித் துருக்கியர் தோட்டங்களில் வளர்ந்த துலிப்பை, 1593-ல் லைடன் நகரின் தாவரத் தோட்டத்திற்கு வந்த குளூசியஸ் என்னும் பண்டிதர் அங்கே நட்டார். சில பத்தாண்டுகளுக்குள், வரியோடிய பூக்களைத் தரும் கிழங்குகளுக்கு அளவு கடந்த விலை ஏறியது. மண்ணுக்குள் கிடக்கும் கிழங்கைக் கண்ணால் காணாமலே சீட்டெழுதி விற்றனர். வாங்கினவர் மேலும் விலை வைத்து மற்றொருவருக்கு விற்றனர். 1637 பெப்ரவரியில் வாங்குவோர் இல்லாமற்போகவே விலை ஒரேயடியாக விழுந்தது. இதில் மற்றொரு விசேஷமும் உண்டு. அவ்வரிகள் நச்சுயிரி நோய் ஒன்றின் அடையாளமே என்பது மிகப் பிற்காலத்தில் தெரியவந்தது. 1928-ல் இங்கிலாந்தில் டாரதி கேலி என்னும் அம்மையார், நோய்கண்ட கிழங்கின் பகுதியை நல்ல கிழங்கோடு பொருத்தி, அது பரவுவதைக் காட்டினார். அசுவினிப் பூச்சிகள் அதனைச் செடிக்குச் செடி கடத்துகின்றன. பெரு விலைக்கு வாங்கப்பட்ட கிழங்கு, வருஷந்தோறும் நலிந்துகொண்டே வந்த நோயாளிக் கிழங்காகும்.

இனி இந்நாட்டு நிலையை நோக்குவோம். ஸ்ரீநகர்த் தோட்டம் 2007-ல் திறக்கப்பட்டது. சுமார் 30 ஹெக்டேர் பரப்புள்ளது. 15 லட்சத்திற்கு மேற்பட்ட கிழங்குகள் அங்கே பூக்கின்றன. புது டெல்லியின் சாலையோரங்களிலும் பெப்ரவரி மாதத்தில் துலிப் பூக்கின்றது. இவ்விடங்களுக்கான கிழங்குகள் பெரும்பாலும் நெதர்லாந்திலிருந்தே விலைக்கு வந்தவை. கண்டு களிக்கத் தோட்டம் வேண்டும் என்பதில் ஆட்சேபம் இல்லை. அதனால் யாத்திரிகர் வருவதும், ஊரார் பிழைப்பதும் உண்மை. எனினும், கிழங்கை வருஷந்தோறும் வெளிநாட்டில் வாங்கும் வரையில், பூவின் அழகு இங்கும் பயிரின் ஆதாயம் அங்குமாகவே இருக்கும். மழை குறைந்து குளிர் மிகுந்த லாஹௌல் பள்ளத்தாக்கில் கிழங்கு விளைவித்து, பாலம்பூரில் உள்ள இமாலய உயிர்வளத் தொழில்நுட்ப நிலையத்தார் தம் தோட்டத்தில் மலர்வித்திருப்பது சரியான வழியாகும். அரசாங்கப் பணம் செலவிடப்படுமாயின், பூக்காட்சிக்கு ஒரு பங்கு என்றால் கிழங்குப் பெருக்கத்துக்கு இரண்டு பங்கு செலவிடுதலே நியாயம்.

தமிழ்நாட்டு மிராசுதாருக்கு இதில் இடமுண்டா என்றால், சாகுபடியாக இல்லை என்றே கூறவேண்டும். துலிப் கிழங்குக்குள் பூமொட்டு கோடையிலேயே உருவாகிவிடும். ஆயினும் 9 டிகிரி செண்டிகிரேடுக்குக் குறைந்த குளிரில் 12 முதல் 16 வாரங்கள் இருந்தாலன்றித் தண்டு நீளாது. சமவெளியில் மார்கழியிலும் இக்குளிர் இல்லை. உதகமண்டலத்தில் இரவில் உறைபனி விழுந்தாலும், பகல் வெயிலில் மண் சூடேறிவிடுகிறது. குளிர்அறையில் வைத்த கிழங்கை வாங்கி மலையூர்களில் தொட்டியில் வைத்தால், ஒரு முறை பூக்கும். அது வேடிக்கைச் செலவு, வேளாண்மை வரவன்று.

அவ்வாறு அலங்காரத்துக்காக நட விரும்புவோர் சில விஷயங்களை நினைவில் வைத்தல் நலம். கிழங்கு கையில் கனமாகவும் கெட்டியாகவும், பூஞ்சணமின்றியும் இருக்கவேண்டும். நீர் தேங்காத மண்ணில், கிழங்கின் உயரத்தைப் போல் மும்மடங்கு ஆழத்தில், கூர்நுனி மேல்நோக்க நடவேண்டும். பச்சை எரு ஆகாது. பூவை அறுப்பதாயின், மொட்டு மூடியிருந்தும் நிறம் ஏறியிருக்கும் தருணத்தில், விடியற்காலையில் அறுக்கவேண்டும். குளிர்ந்த நீரில் நிறுத்தினால் பல நாள் நிற்கும். அறுத்த பின்னும் தண்டு நீண்டு வெளிச்சத்தை நோக்கி வளையும், இது நோயன்று. அப்போதே அறுத்த நார்சிசஸ் பூக்களோடு ஒரே பாத்திரத்தில் வைத்தலாகாது. அவற்றின் பிசின் துலிப்பைக் கெடுக்கும்.

துலிப் கிழங்கு தருவதாகவும், பூவைத் திரும்ப வாங்கிக்கொள்வதாகவும் கூறிக்கொண்டு எவரேனும் கிராமத்திற்கு வந்தால், முன்பணம் கைமாறுமுன் கிராம அதிகாரிகள் குடிகளின் சார்பில் மூன்று கேள்விகள் கேட்டல் வேண்டும். இக்கிழங்கு எத்தனை வாரம் குளிரில் இருந்தது? மறுவருஷத்துக் கிழங்கு எங்கிருந்து வரும், என்ன விலைக்கு? பூ மலராவிடில் நஷ்டம் யாருடையது? இவற்றிற்கு எழுத்தில் விடை தராதவரிடம் வாங்குவது, 1637-ல் சீட்டு வாங்கியதற்குச் சமானமே.

கிழங்குப் பூவில் பணம் காண விரும்புவோர்க்கு நிலச்சம்பங்கி இருக்கிறது. அது மெக்ஸிகோவிலிருந்து வந்ததாயினும் இம்மண்ணின் வெப்பத்திற்கு இசைந்தது, குளிர் வேண்டுவதில்லை. ஒருமுறை நட்டால் சில வருஷம் பூத்து, நிலத்திலேயே பெருகி, அடுத்த நடவுக்குக் கிழங்கும் தருகிறது. நிலக்கோட்டை, சத்தியமங்கலம் சந்தைகள் அதனை அறியும். துலிப்பிடம் கற்கவேண்டிய பாடத்தைச் சம்பங்கி வயலில் பிரயோகிப்பதே விவேகம்: பூவின் வரவை எண்ணும்போதே, நோயற்ற பெருத்த கிழங்கைத் தெரிந்து ஒதுக்கிவைத்தல் வேண்டும். கிழங்கைக் காப்பவன் வீட்டில் பூவுக்குக் குறைவு வராது.