வில்லை மாறினால் பார்வை மாறுமா?



நம் இளையோரிடையே நிழற்படக் கலையில் ஆர்வம் பெருகியிருப்பது மகிழத்தக்கது. தைப்பூசத்தன்று பத்துமலைப் படிக்கட்டில் நின்று பார்த்தால், காவடிகளுக்கு இணையாகக் கேமராக்களும் தெரிகின்றன. திருமண மண்டபங்களிலும் பள்ளி விளையாட்டுப் போட்டிகளிலும் இதே காட்சிதான். ஆனால், இந்த ஆர்வத்தின் பெயரால் நடப்பதில் பெரும்பகுதி படம் எடுப்பது அன்று. லென்சுகளை வாங்குவதும் விற்பதும் மாற்றிக்கொள்வதுமே ஆகும். இன்று வாங்கியதை மூன்று மாதத்தில் விற்று, மேலும் பணம் போட்டு இன்னொன்றை வாங்கி, அதையும் வேறொருவர் தலையில் கட்டிவிட்டு அடுத்ததற்குத் தாவும் இந்தப் பழக்கத்தைக் கண்டித்தே இதனை எழுதுகிறேன்.

பெரியவர்களின் பொழுதுபோக்கு, அவர்கள் பணம், நமக்கென்ன என்று விட்டுவிடலாம்தான். ஆனால், இந்த நோய் நம் தமிழ்ப்பள்ளிகளை விட்டு இடைநிலைப்பள்ளிக்குச் சென்ற முன்னாள் மாணவர்களையும் தொற்றிவிட்டது. "இந்த லென்சை வைத்துக்கொண்டு ஒன்றும் செய்ய முடியாது ஐயா" என்று பதினான்கு வயதுப் பையன் சொல்கிறான். இதுவரை எடுத்தவற்றைக் காட்டு என்றால், இருபது படங்கள்கூடத் தேறுவதில்லை. ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம்!

கண்ணாடி தருவது எவ்வளவு?

லென்சின் ஒளிபுகு துளையை எஃப் 1.8, எஃப் 1.4 என்னும் எண்களால் குறிப்பர். எண் சிறிதாகச் சிறிதாகத் துளை பெரிதாகும், விலையும் கூடும். 1.8 லென்சை வைத்திருப்பவர் 1.4 லென்சுக்காக ஏங்குகிறார். இந்த மாற்றத்தால் கிடைக்கும் கூடுதல் ஒளி எவ்வளவு? ஏறத்தாழ 1.65 மடங்கு. ஒரு முழுப் படிகூட இல்லை. கூடத்தின் இருண்ட மூலையில் அமர்ந்திருக்கும் குழந்தையைச் சன்னலோரம் அழைத்து வந்து அமரச் செய்தால், இதைவிடப் பன்மடங்கு ஒளி காசில்லாமல் கிடைக்கும். இதனைக் கற்றுத்தர ஓர் ஆசிரியரும் ஐந்து நிமிடமும் போதும்.

இருபதாம் நூற்றாண்டின் மாபெரும் நிழற்படக் கலைஞர்களுள் ஒருவரான பிரான்சு நாட்டின் ஹென்றி கார்த்தியே-பிரெசோன், தம் வாழ்நாளின் பெரும்பகுதிப் படங்களை ஒரே ஒரு 50 மில்லிமீட்டர் லென்சைக் கொண்டுதான் எடுத்தார். 1948-இல் காந்தியடிகளின் இறுதி ஊர்வலத்தை உலகுக்குக் காட்டியவர்களுள் அவரும் ஒருவர். அமெரிக்காவின் சிக்காகோ நகரில் பிறர் வீட்டுக் குழந்தைகளைப் பராமரிக்கும் பணிப்பெண்ணாக இருந்தவர் விவியன் மையர். லென்சைக் கழற்றி மாற்றவே முடியாத ரோலைபிளெக்ஸ் கேமராவைக் கழுத்தில் தொங்கவிட்டுக்கொண்டு தெருத்தெருவாகப் படம் எடுத்தார். 2007-இல் அவருடைய பெட்டிகள் ஏலத்துக்கு வந்தபிறகே அவர் எடுத்த படங்கள் வெளிவரத் தொடங்கின. அவை ஒரு லட்சத்துக்கும் மேற்பட்டவை. வல்லவனுக்குப் புல்லும் ஆயுதம் என்று நம் முன்னோர் சொன்னது இவர்களைப் பார்த்துச் சொன்னதுபோலவே இருக்கிறது.

பூட்டும் சாவியும் அவர்களிடமே

கேமராவின் உடலில் லென்சு பொருந்தும் வளையத்தை 'மவுண்ட்' என்கிறோம். ஒரு நிறுவனத்தின் லென்சு இன்னொரு நிறுவனத்தின் கேமராவில் பெரும்பாலும் நேரே பொருந்தாது. நிக்கோன் நிறுவனம் 1959-இல் எஃப் மவுண்டைக் கொண்டுவந்தது. கெனன் நிறுவனம் 1987-இல் பழைய மவுண்டைக் கைவிட்டு இ.எஃப். மவுண்டுக்கு மாறியது, அதுவரை வாங்கிய லென்சுகள் புதிய கேமராக்களில் நேரே பொருந்தாமல் போயின. 2018-இல் இவ்விரு நிறுவனங்களும் கண்ணாடியில்லாக் கேமராக்களுக்காக மீண்டும் புதிய மவுண்டுகளை அறிமுகப்படுத்தின. இம்முறை பழைய லென்சுகளைப் பொருத்துவதற்கான இணைப்பு வளையங்களையும் அவையே விற்றன.

தொழில்நுட்பக் காரணங்கள் இருக்கலாம், மறுக்கவில்லை. ஆனால், ஒவ்வொரு மாற்றத்தின்போதும் நம் ஆர்வலர்கள் செய்வதைப் பாருங்கள். நேற்றுவரை "இதைவிடக் கூர்மையான லென்சு இல்லை" என்று போற்றியதையே இன்று "பழையது" என்று கூறிப் பாதி விலைக்குத் தள்ளிவிடுகிறார்கள். அந்தக் கண்ணாடி ஒரே இரவில் மங்கிவிட்டதா? விளம்பரம் மாறியது, அதனால் இவர்களின் மதிப்பீடும் மாறியது. தம் கண்ணை நம்பாமல் விளம்பரத்தை நம்புபவர் நல்ல படம் எடுப்பது எங்ஙனம்?

கரையும் பணம்

"விற்றுத்தானே வாங்குகிறேன், நட்டமில்லை" என்பது இவர்கள் வழக்கமாகக் கூறும் சமாதானம். எடுத்துக்காட்டாக ஒரு கணக்குப் போடுவோம். ஒருவர் 1,500 ரிங்கிட்டுக்கு வாங்கிய லென்சை ஆறு மாதம் கழித்து 1,000 ரிங்கிட்டுக்கு விற்கிறார். அடுத்து 2,400 ரிங்கிட்டுக்கு வாங்கியதை 1,900-க்கு விற்கிறார். மூன்றாவதாக 3,600 ரிங்கிட்டுக்கு வாங்கியதை 2,900-க்கு விற்கிறார். கைமாற்றியதில் மட்டும் கரைந்துபோனது 1,700 ரிங்கிட்! தவணை வட்டியை இதில் சேர்க்கவில்லை. ஒரு படத்தை அச்சிட ஒரு ரிங்கிட் என்று வைத்துக்கொண்டாலும் 1,700 படங்களை அச்சிட்டிருக்கலாம். இத்தகையோர் பலரின் வீட்டில், பெற்ற தாயின் படம்கூடச் சுவரில் ஒன்று இராது.

பிள்ளைகள் எதைக் கற்கிறார்கள்?

பணத்தைவிட எனக்குக் கவலை தருவது வேறொன்று. நம் ஊர்களின் ஈரக்காற்றில் லென்சுக்குள் பூஞ்சணம் பிடிக்கும். மெல்லிய நூல்போல் படர்ந்து, நாளடைவில் கண்ணாடியின் மேற்பூச்சையே அரித்துவிடும். அத்தகைய லென்சைத் துடைத்து, வெளிச்சமான இடத்தில் வைத்துப் படமெடுத்து, "புதியதுபோல் இருக்கிறது, அரிதாகப் பயன்படுத்தியது" என்று எழுதி விற்பவர்கள் உண்டு. வாங்கி ஏமாந்தவர் என்ன செய்கிறார்? அதையே அடுத்தவரிடம் அதே சொற்களால் விற்றுவிடுகிறார். இந்தச் சங்கிலியின் கடைசியில் நிற்பவன் பெரும்பாலும், பகுதிநேர வேலை செய்து பணம் சேர்த்த ஒரு மாணவன்.

நன்னெறிக் கல்விப் பாடத்தில் நேர்மையைப் பற்றிப் பக்கம் பக்கமாகக் கற்பிக்கிறோம். வீட்டிலோ அண்ணன், குறையை மறைத்து விற்றதைத் திறமை என்று சொல்லிச் சிரிக்கிறான். தம்பி எதை நம்புவான்?

இன்னொரு தீங்கும் உண்டு. நிழற்படக் கழகத்தில் நான்கு பேர் கூடினால், யாரிடம் என்ன லென்சு இருக்கிறது என்பதே பேச்சாகிறது. தந்தையின் பழைய கைப்பேசியோடு வந்த பிள்ளை மெல்ல ஒதுங்கிக்கொள்கிறது. ஒருவேளை, அந்தக் கூட்டத்திலேயே நன்றாகப் பார்க்கத் தெரிந்த பிள்ளை அதுவாகவே இருக்கலாம். ஒரு கலையின் வாசலில் விலைப்பட்டியலை மாட்டி வைத்தால், நம் சமூகத்தில் எத்தனை பிள்ளைகள் உள்ளே வர முடியும்?

மறுப்போர்க்கு என் மறுமொழி

"லென்சு முக்கியமே இல்லையா?" என்று கேட்பீர்கள். முக்கியமான இடங்கள் உண்டு. உயர்ந்த மரத்தில் அமர்ந்திருக்கும் இருவாச்சிப் பறவையைப் படமெடுக்கத் தொலைவு லென்சு வேண்டும். எறும்பின் முகத்தைக் காட்ட மேக்ரோ லென்சு வேண்டும். திருமணப் படங்கள் எடுத்துக் குடும்பத்தைக் காப்பவருக்கு நல்ல லென்சு உழவனின் கலப்பைக்கு ஒப்பானது. என்ன படம் எடுக்கப் போகிறோம் என்று தெரிந்து, அதற்குரிய கருவியைத் தேடுவோரை நான் குறை சொல்லவில்லை. கருவியை வாங்கிவிட்டு, எடுக்க ஒன்றுமில்லாமல் அடுத்த கருவியைத் தேடுவோரையே கேட்கிறேன்.

பழைய பொருளை வாங்குவதும் இழுக்கன்று. கோலாலம்பூரின் புடு பிளாசாவும் சிங்கப்பூரின் பெனின்சுலா கடைத்தொகுதியும் கேமரா வணிகத்துக்கு நெடுங்காலமாகப் பெயர்பெற்ற இடங்கள். வசதியற்ற பிள்ளை இக்கலைக்குள் நுழையப் பழைய லென்சே நல்ல வாயில். மவுண்டு மாறியதால் மற்றவர்கள் தள்ளிவிடும் லென்சுகள் குறைந்த விலைக்குக் கிடைப்பதும் நமக்கு வாய்ப்புத்தான். வாங்கியதை வைத்துக்கொண்டு படம் எடுங்கள் என்பதே என் வேண்டுகோள்.

ஈரங்காப்புப் பெட்டிக்குள் எது இருக்க வேண்டும்?

பூஞ்சணத்துக்கு அஞ்சி, லென்சு வைத்திருப்போர் பலரும் மின்சாரத்தில் இயங்கும் ஈரங்காப்புப் பெட்டி வாங்குகிறார்கள். அதனுள் ஈரப்பதம் 40 முதல் 50 விழுக்காட்டுக்குள் இருக்கும்படி கவனமாகப் பார்த்துக்கொள்கிறார்கள். அடுத்த ஆண்டு விற்கப்போகும் பொருளுக்கு இத்தனை பாதுகாப்பு! அதே வீட்டின் அலமாரி மேல் ஒரு தகரப் பெட்டி இருக்கும். அதற்குள் தாத்தா தோட்டத்தில் வேலை செய்த காலத்துப் படங்கள், பாட்டியின் திருமணப் படம், அப்பா படித்த தோட்டத் தமிழ்ப்பள்ளியின் குழுப்படம். பழைய படத்தாளின் மேற்பூச்சில் உள்ள ஜெலட்டினையும் அதே ஈரமும் பூஞ்சணமும்தான் தின்கின்றன. லென்சு கெட்டால் இன்னொன்று வாங்கலாம். அந்தப் படத்தை எந்தக் கடையில் வாங்குவது?

1957-இல் நம் நாட்டில் எண்ணூறுக்கும் மேற்பட்ட தமிழ்ப்பள்ளிகள் இருந்தன. இன்று ஐந்நூற்றுச் சொச்சமே உள்ளன. தோட்டங்கள் துண்டாடப்பட்டு, மக்கள் நகரங்களுக்குப் பெயர்ந்தபோது, பள்ளிகள் மூடப்பட்டன, சில இணைக்கப்பட்டன, சில இடம் மாறின. லயத்து வீடுகள், தோட்டக் கோயில்கள், பால்மரக் காட்டு ஒற்றையடிப் பாதைகள் எனப் பலவும் அவற்றோடு மறைந்தன. எஞ்சியிருப்பவற்றைப் படமெடுக்க எந்த லென்சும் போதும். கேமராவோடு வரும் 18–55 மில்லிமீட்டர் லென்சே தாராளம். அதைத்தான் நம்மவர்கள் முதல் வேலையாக விற்றுவிடுகிறார்கள்!

செய்ய வேண்டியவை

1. பிள்ளை லென்சு கேட்டால், உடனே மறுக்கவும் வேண்டா. வாங்கித் தரவும் வேண்டா. இருக்கும் கருவியால் எடுத்த நூறு படங்களைக் கேளுங்கள். அவற்றுள் பத்தைத் தேர்ந்து அச்சிட்டு, எந்தப் படத்துக்கு இருக்கும் லென்சு போதவில்லை என்று விளக்கச் சொல்லுங்கள். விளக்கத் தெரிந்த பிள்ளைக்கு வாங்கித் தரலாம்.

2. வாங்கினால் 35 அல்லது 50 மில்லிமீட்டர் லென்சு ஒன்றைப் பழையதாக வாங்குங்கள். இருபுறமும் கைவிளக்கு அடித்து உள்ளே பூஞ்சணம் இருக்கிறதா என்று பாருங்கள். வளையங்களைச் சுழற்றிப் பாருங்கள். கேமராவில் பொருத்தி நான்கு படங்களை எடுத்துப் பாருங்கள். தவணைக்கு ஒருபோதும் வாங்காதீர்கள். முன்பின் அறியாதவரிடம் பொருள் வாங்கப் பிள்ளையைத் தனியே அனுப்பாதீர்கள்.

3. விற்கும்போது குறையைக் கூறி விற்கச் செய்யுங்கள். ஐம்பது ரிங்கிட் குறைந்தாலும், பிள்ளைக்கு அது நல்ல பாடம்.

4. பெற்றோர் ஆசிரியர் சங்கங்கள் பள்ளியில் ஒரு பொதுப் பெட்டியை அமைக்கலாம். வீடுகளில் சும்மா கிடக்கும் கேமராக்களையும் லென்சுகளையும் நன்கொடையாகப் பெற்று, நூலகப் புத்தகத்தைப்போல் பதிவேட்டில் எழுதி, பிள்ளைகளுக்கு ஒரு வார இரவலாகத் தரலாம். மாற்றிக்கொள்ளும் ஆசையும் தீரும், எவருக்கும் நட்டமில்லை.

5. முதல் பணியாக, ஒவ்வொரு மாணவனும் தன் வீட்டுத் தகரப் பெட்டியைத் திறக்கட்டும். பழைய படங்களைச் சன்னலோர வெளிச்சத்தில் சமதரையில் வைத்து, நேர்மேலிருந்து படியெடுக்கட்டும். கைப்பேசியே போதும். படத்தில் இருப்பவர் யார், எந்த ஊர், எந்த ஆண்டு என்று பாட்டியிடம் கேட்டு எழுதிக்கொள்ளட்டும். இதற்கான காலம் மட்டும் நீண்டு கிடக்கவில்லை. பெயர்களைச் சொல்லத் தெரிந்தவர்கள் ஒவ்வொருவராகக் குறைந்துகொண்டே வருகிறார்கள்.

இதைப் படிக்கும் பெற்றோர்களுள் எவரேனும் இந்த வாரம் ஒரு லென்சை விற்க எண்ணியிருந்தால், ஒரு வாரம் தள்ளிப்போடுங்கள். அந்த ஞாயிற்றுக்கிழமை அதே லென்சைக் கேமராவில் மாட்டிக்கொண்டு, பிள்ளையையும் அழைத்துக்கொண்டு, நீங்கள் பிறந்த தோட்டத்துக்குச் சென்று வாருங்கள். திரும்பி வந்தபிறகும் விற்கத் தோன்றினால் விற்றுவிடுங்கள்.