தூது அவர்களுடையது, செலவு தமிழனுடையது

ஆண்டுதோறும் திசம்பர் 31-ஆம் நாள் திருத்தணிகை மலையின் 365 படிகளிலும் திருப்புகழ் ஒலிக்கின்றது. படித்திருவிழா எனப்படும் இவ்வழக்கத்தை 1917-இல் தொடங்கி வைத்தவர் வள்ளிமலை அடிகளாராகிய சச்சிதானந்தர். ஆங்கிலப் புத்தாண்டன்று மாலையும் எலுமிச்சம் பழமும் ஏந்தி வெள்ளைத் துரைமார் வாயிலில் காத்துக் கிடப்பது அந்நாளையோர் வழக்கம். துரையை வணங்கப் போகுமுன் தணிகை முருகனை வணங்குக என்று மக்களைத் திருப்பினார் அவ்வடிகளார்.

குனிந்த தலையை நிமிர்த்த அவ்வாறு ஒரு வழி பிறந்தது. ஆனால் துரைமார் கேட்டது தலைவணக்கம் மட்டுமன்று. உழவனின் நிலவரியையும் கூழுக்கிடும் உப்பின் வரியையும் அவர்கள் கறந்தனர். 1888-இல் உப்பு வரி மணங்குக்கு இரண்டரை உருபாவாக உயர்ந்தது. அப்பணம் ஏரி வெட்டவும் கால்வாய் தூர்க்கவும் மட்டுமே சென்றதென்று எண்ணுவோர் ஏமாளிகள். அதில் ஒரு பகுதி கடல் கடந்தது. கண்காணாத் தலைநகரங்களில் ஆங்கிலப் பேரரசின் தூதர்களுக்கு உண்டியும் உறையுளும் ஆயிற்று.

1867-இல் துருக்கிச் சுல்தான் அப்துல் அசீசு இலண்டனுக்கு வந்தார். அவரைச் சிறப்பிக்க அங்கிருந்த இந்திய அலுவலகத்தில் ஆடலும் விருந்துமாக ஒரு பெருவிழா நடந்தது. அழைத்தவர் ஆங்கிலர், ஆடியவர் ஆங்கிலர், உண்டவர் ஆங்கிலர். செலவோ இந்திய வருவாயில் எழுதப்பட்டது! விருந்தினர் முகத்தையும் காணாத ஏழை உழவன் விருந்துக்குப் பணம் கட்டினான்.

அவ்விந்திய அலுவலகத்தின் கட்டடமும், அதன் எழுத்தர் சம்பளமும், தலைவராக அமர்ந்த இந்திய அமைச்சரின் சம்பளமும் இந்தியாவின் தலைமேலேயே ஏறின. கனடாவையும் ஆத்திரேலியாவையும் கவனித்த குடியேற்ற நாட்டு அலுவலகத்துக்கோ இங்கிலாந்தின் கருவூலமே பணம் தந்தது. வெள்ளையர் குடியேறிய நாட்டுக்கு ஒரு நீதி. கறுப்பர் வாழ்ந்த நாட்டுக்கு வேறொரு நீதி! 1919-ஆம் ஆண்டுச் சட்டத்துக்குப் பின்னரே இந்திய அமைச்சரின் சம்பளம் இங்கிலாந்தின் கணக்குக்கு மாறியது.

விருந்தாவது ஓரிரவில் முடிந்தது. காபூலுக்கு அனுப்பிய தூதோ குருதியில் முடிந்தது. உருசியத் தூதுக் குழுவைக் காபூல் அரசர் வரவேற்றார் என்பதற்காக, 1878-இல் ஆங்கிலரும் ஒரு தூதுக் குழுவை அனுப்பினர். கைபர்க் கணவாயில் அது தடுக்கப்பட்டது. அதையே சாக்காக்கிப் போர் தொடுத்தனர். 1879-இல் காபூலில் அமர்த்திய தூதர் கவாக்னாரி அங்கேயே கொல்லப்பட்டார். போர் மீண்டும் மூண்டது. அப்போது தமிழகம் எந்நிலையில் இருந்தது? 1876 முதல் 1878 வரை தாது ஆண்டுப் பஞ்சம் வட ஆர்க்காட்டையும் சேலத்தையும் பிணக்காடாக்கிச் சென்றிருந்தது. உருசியா மீது இலண்டன் கொண்ட அச்சத்துக்கு எலும்பும் தோலுமாய் எஞ்சிய மக்களும் விலை கொடுத்தனர். இங்கிலாந்து ஈந்தது 50 இலக்கம் பவுண்டு. பெருஞ்சுமை இந்தியாவின் மேலேயே நின்றது.

போரில்லாக் காலத்தும் இச்சுரண்டல் ஓயவில்லை. பாரசீகத்துத் தூதரகச் செலவில் ஒரு பங்கு, பாரசீக வளைகுடாப் பேராளரின் செலவு, சீனத்து ஆங்கில அலுவலகங்களின் செலவில் ஒரு பங்கு, ஏடன் துறைமுகக் காவற்செலவு என இந்தியாவின் தலையில் ஏற்றிய சுமைகள் பல. எதிர்ப்பு வலுத்தபின் 1895-இல் வெல்பி தலைமையில் ஆணையக் குழு ஒன்று அமைந்தது. அதன்முன் 1897-இல் சான்று கூறியவருள் ஒருவர் 'சுதேசமித்திரன்' இதழைத் தொடங்கிய சுப்பிரமணிய ஐயர். குழு 1900-இல் அறிக்கை தந்தது. பாரசீகச் செலவைப் பாதிபாதியாகப் பகிரவும், ஏடன் செலவில் இங்கிலாந்து பங்கேற்கவும், இந்திய அலுவலகத்துக்கு ஆண்டுதோறும் 50,000 பவுண்டு தரவும் அது பரிந்துரைத்தது. தாதாபாய் நவுரோசி, வெட்டர்பர்ன், கெய்ன் ஆகிய மூவரும் இதில் நிறைவுறாது வேறு அறிக்கை எழுதினர்.

பாதிபாதி என்பது கேட்பதற்கு இனிது. ஆனால் தூதரைத் தேர்ந்தவன் எவன்? அவர் பேச வேண்டியதைச் சொல்லிக் கொடுத்தவன் எவன்? முழுதும் இலண்டனே! கடல்வழிக் காவலால் இந்தியாவும் பயனடைந்ததன்றோ என்பார் உளர். பயன் இருந்திருக்கலாம். ஆயின், பயனடைந்தாய் என்று தீர்ப்பளிப்பவனும், அதற்கு விலை குறிப்பவனும், விலையைப் பறிப்பவனும் ஒருவனே என்றால் அது வணிகமாகாது, வழிப்பறியே ஆகும்.

வெள்ளையன் போனான், அவ்வழக்கும் அவனோடு போயிற்றா? 1964-இல் இந்தியாவும் இலங்கையும் செய்த உடன்பாடு, மலையகத் தமிழருள் 5,25,000 பேரை இந்தியாவுக்கென்றும் 3,00,000 பேரை இலங்கைக்கென்றும் பங்கிட்டது. பங்கிடப்பட்ட மக்களை ஒரு சொல் கேட்டவர் இல்லை. ஒன்றிய நாடுகள் அவையில் இந்தியைப் பரப்ப 2022-இல் இந்தியா 8,00,000 தாலர் வழங்கியது. மோரீசில் உலக இந்திச் செயலகம் இருநாட்டு அரசுகளின் பணத்தால் இயங்குகின்றது. அந்நாட்டுப் பணத்தாளிலோ தமிழ் எழுத்து நிற்கின்றது! சிங்கப்பூரிலும் இலங்கையிலும் ஆட்சிமொழியாய் விளங்கும் தமிழ், தில்லியின் தூதுவர் வாயில் இரண்டாந்தரமாவது ஏன்? அவ்வாயை ஊட்டும் வரியில் தமிழனின் உழைப்பும் உண்டன்றோ?

இன்றைய அரசு மக்கள் தேர்ந்த அரசு. அன்றையது அயலான் ஆட்சி. இவ்வேறுபாடு மெய்யே, மறுக்க வேண்டுவதில்லை. தேர்தல் உண்டு என்பதனாலேயே கேள்வி கேட்கும் உரிமை கூடுகின்றதே அன்றிக் குறைவதில்லை. தணிகையிற் பிறந்த இராதாகிருட்டிணனே 1949 முதல் 1952 வரை மாசுகோவில் தூதராயிருந்தாரே என்பர் சிலர். ஒருவர்க்குக் கிட்டிய பதவி ஓர் இனத்தின் குரலாகி விடாது.

தூதுக்கென ஓரதிகாரமே வகுத்தார் வள்ளுவர். தூதென்றால் என்னவென்று தமிழனுக்கு எவரும் கற்பிக்க வேண்டா. அயலுறவில் தமிழரைத் தொடும் எவ்வுடன்பாடும் தமிழகத்தைக் கேட்டே செய்யப்படுதல் வேண்டும். வெளிநாட்டில் மொழிக்கெனச் செலவிடும் பணத்தில் தமிழுக்குரிய பங்கு தரப்படல் வேண்டும்.

கேட்டால் கிடைக்குமா என ஐயுறுவோர் தணிகையையே காண்க. 1953-இல் சித்தூர் மாவட்டத்தோடு ஆந்திரத்திற் சேர்ந்த அம்மலை, மங்கலங்கிழாரும் ம.பொ.சி.யும் முன்னின்ற வடக்கெல்லைப் போராட்டத்தால் 1960 ஏப்பிரல் முதல் நாளில் தமிழகத்துக்கு மீண்டது. கெஞ்சிப் பெற்றதன்று அது, கேட்டுப் பெற்றது. மலையை மீட்ட தமிழன் தன் குரலையும் மீட்பான்!