நிலத்துக்குக் கீழேயும் சாதி

ரொறொன்ரோவில் எங்கட சனம் கூடுகிற இடமெல்லாம் ஒரு பெருமைக் கதை சொல்லப்படும். "பேஸ்மென்டிலதான் தொடங்கினனாங்கள், இண்டைக்குச் சொந்த வீடு." கை தட்டுவார்கள். அந்தச் சொந்த வீட்டின் பேஸ்மென்டில் இன்று யார் இருக்கிறார்கள் என்று மட்டும் ஒருவரும் கேட்பதில்லை.

நான் இருந்தேன். ஸ்காபரோவில் ஒன்பது வருஷம், மூன்று வீடுகளின் அடியில். என்னைப் போன்றவர்கள் இன்றும் இருக்கிறார்கள். ஆகவே சொல்கிறேன்.

வெளியே போக ஒரே வழி, மேல்வீட்டுக் குசினிக்குள்ளால் ஏறும் படி. மேலே நெருப்புப் பிடித்தால் அந்த வழியும் இல்லை. யன்னலுக்குள்ளால் பூனை போகும், ஆள் போக ஏலாது. படுக்கைக்குப் பக்கத்தில், ஒரு பலகைத் தட்டிக்கு அங்கால், வீட்டைச் சூடாக்கும் ஃபேர்னஸ். அதில் எரிவாயு சரியாக எரியாவிட்டால் வருகிற காபன் மொனொக்சைட்டுக்கு நிறமுமில்லை, மணமுமில்லை. தலையிடிக்கும், சத்தி வரும், பிறகு எழும்பாத நித்திரை. அதற்கான அலாரத்தை ஒன்ராறியோ 2014இல் கட்டாயமாக்கியது. ஒரு அலாரம் என்ன விலை? எங்கள் உயிரைவிடக் கூடவோ?

2013 ஜூலை 8 மழையில் விமான நிலையத்தில் 126 மில்லிமீற்றர் பதிவானது. வாய்க்கால் கொள்ளாமல் கழிவுநீர் தரை வடிகால்களுக்குள்ளால் பேஸ்மென்டுகளில் ஏறியது. ஊரில் எங்களில் ஒரு பகுதியினரைப் பிறர் மலம் அள்ள விட்டது சாதி. இங்கே அது தானாகவே எங்கள் பாய்க்கு வந்தது. 2021 செப்டம்பர் 1 இரவு, ஐடா புயலின் மிச்ச மழையில் நியூயோர்க் நகரில் செத்தவர்கள் 13 பேர். அதில் 11 பேர் பேஸ்மென்டுகளில் செத்தார்கள். அங்கேயும் கீழே இருந்தவர்கள் பெரும்பாலும் குடியேறிகள்தான்.

'வேற நல்ல இடம் பாக்கலாம்தானே?' என்பவர்களுக்கு ஒரு செய்தி. தமிழ்க் கடையில் ஒட்டியிருந்த நம்பருக்கு எடுத்தேன். "தம்பி, ஊரில எவடம்? எந்தக் கோயிலடி? அப்பா என்ன செய்தவர்?" சொன்னேன். "வேற ஆக்களுக்குக் குடுத்திட்டம்" என்றார்கள். அந்த நோட்டீஸ் அதன்பிறகும் மூன்று கிழமை அங்கேயே தொங்கியது. யன்னலும் தனி வாசலும் உள்ள இடங்கள் இப்படித்தான் 'நிரம்பும்'. எங்களுக்கு மிஞ்சுவது யன்னல் இல்லாதது. அதைத் தருபவரும் "எங்கட ஆக்கள் எண்டபடியால்தான் தந்தனான்" என்பார். வாடகைக்கு ரசீது இல்லை. வாய் திறந்தால் நன்றி கெட்டவன்.

'சட்டவிரோத பேஸ்மென்ட்' என்ற சொல்லையும் கொஞ்சம் பார்ப்போம். ஒன்ராறியோ 1994இல் பேஸ்மென்ட் வீடுகளை அனுமதித்தது, 1996இல் அதைப் பறித்தது. பிறகு ரொறொன்ரோ நகரம் மறுபடி அனுமதித்தது. ஆகவே நிலத்துக்குக் கீழே வாழ்வது இங்கு குற்றமில்லை. தீயணைப்பு விதிக்கோவையின் 9.8ஆம் பகுதி கேட்பவை நாலு: தீ பரவாத தடுப்பு, தப்பும் வழி, புகை எச்சரிக்கை, மின் பாதுகாப்பு. இந்த நாலுக்கும் செலவழிக்காமல் வாடகை மட்டும் வாங்குவதுதான் சட்டவிரோதம். பெயரோ எங்கள் தலையில்: 'இல்லீகல் பேஸ்மென்டில இருக்கிற ஆக்கள்.'

முறைப்பாடு செய்தால் பரிசோதகர் வருவார், பூட்டச் சொல்வார், நாங்கள் பனிக்குள் நிற்போம். இந்தப் பயம்தான் வீட்டுக்காரனின் பூட்டு. ஆனால் அனுமதியில்லாத வீட்டில் இருப்பவரையும் 2006ஆம் ஆண்டின் வாடகைக் குடியிருப்புச் சட்டம் வாடகையாளராகவே கணக்கெடுக்கிறது. இதை எங்களுக்குச் சொல்ல எந்தச் சங்கத்தின் பொங்கல் விழாவிலும் ஐந்து நிமிஷம் கிடைத்ததில்லை. 'எங்கட சனத்தைக் காட்டிக் குடுக்காதேங்கோ' என்பவர்களிடம் கேட்கிறேன்: அடியில் படுத்திருக்கும் நாங்கள் எந்தச் சனம்?

எங்கள் கேள்வி பேஸ்மென்டை மூடு என்பதல்ல. வீட்டுக்காரரின் செலவில் திருத்து. திருத்தி முடியும்வரை இருப்பவருக்கு இடம் கொடு. எவடம் என்று கேட்டு வாசலைச் சாத்துவதைக் குற்றமாகப் பார். சாதியின் பெயரால் நடக்கும் பாகுபாடும் தன் சட்டத்துக்குள் வரும் என்று ஒன்ராறியோ மனித உரிமை ஆணைக்குழு 2023இல் சொல்லிவிட்டது. சொல்லாமல் இருப்பது எங்கள் சங்கங்களும் பத்திரிகைகளும்தான்.

1968இல் மாவிட்டபுரத்தில் கோயில் வாசலைத் திறக்கச் சொல்லி நின்றோம். இப்போது கேட்பது நெருப்பு வந்தால் ஓடித்தப்ப ஒரு வாசல். அதையும் கெஞ்சிக் கேட்கப் போவதில்லை.