வலி அறிந்த துணிவு

அச்சம் சூழும்போது மனிதர் இறைவனிடம் வேண்டுவது பெரும்பாலும் ஒன்றே: இத்துன்பம் எம்மை அணுகாதிருக்கட்டும். எச்சமயத்தவரும் இதற்கு விலக்கல்லர். அவ்வேண்டுதலைக் குறைகூறவும் நமக்குத் தகுதியில்லை. ஆயின், சமய நம்பிக்கை தரும் துணிவு இவ்வளவுதானா? துன்பம் வராது என்னும் உறுதிமொழிக்குத்தான் துணிவு என்று பெயரா? கிறிஸ்தவ நம்பிக்கையை முன்வைத்து, நம் செங்கல்பட்டு வட்டாரத்தின் வரலாற்றைத் துணைக்கொண்டு இவ்வினாவைச் சற்றே ஆராய்வோம்.

மாமல்லபுரக் கடற்கரைக்கு இவ்வினா புதிதன்று. 2004 டிசம்பர் 26, கிறிஸ்துமஸுக்கு மறுநாள், ஞாயிற்றுக்கிழமை. அன்று காலை ஆழிப்பேரலை கோவளம், மாமல்லபுரம், கல்பாக்கம் என இக்கரை நெடுகிலும் ஏறிவந்தது. தெற்கே வேளாங்கண்ணியில், விழாவுக்கு வந்திருந்த திருப்பயணிகள் பலர் கரையிலேயே மாண்டனர்; பேராலயம் நின்றது. ஆலயம் நின்றதை அற்புதம் என்றனர் சிலர். அழிவைத் தெய்வ தண்டனை என்றனர் வேறு சிலர். இரண்டு விளக்கங்களிலும் இறந்தோருக்கு இடமில்லை. வேண்டிக்கொண்டிருந்தவர்களையும் அலை கொண்டுபோயிற்று என்பதே உண்மை. நம்பிக்கையைக் காப்பீட்டுப் பத்திரமாகக் கருதுவோர் இவ்வுண்மையின் முன் வாய்மூடி நிற்க வேண்டியவராகின்றனர்.

தமிழ் மரபு இவ்விடத்தில் நமக்கு உதவும். மாமல்லனின் தந்தை மகேந்திரவர்மன் காலத்தவராகக் கருதப்படும் அப்பரைக் கல்லில் பிணித்துக் கடலில் எறிந்ததாகப் பெரியபுராணம் கூறுகிறது. கல் மிதந்ததையே நாம் பெரிதாகப் பேசுகிறோம். ஆனால் அரசாணைக்குப் பணியேன் என்று அவர் மறுத்த வேளையில் கல் மிதக்கும் என்ற உத்தரவாதம் எதுவும் அவர் கையில் இல்லை. துணிவு அங்கேதான் இருக்கிறது. கிறிஸ்தவத்தின் நடுநாயகமான காட்சியும் இத்தகையதே. கெத்செமனே தோட்டத்தில் இயேசு அஞ்சினார், கலங்கினார், துன்பம் விலகுமாறு வேண்டினார். விலகவில்லை. எழுந்து அதை எதிர்கொள்ளச் சென்றார்.

கடற்கரையை விட்டுத் திருக்கழுக்குன்றம் வழியாக மேற்கே ஏறத்தாழ முப்பது கிலோமீட்டர் சென்றால் செங்கல்பட்டு. அதனை அடுத்த திருமணியில் 1924ஆம் ஆண்டு லேடி வெலிங்டன் தொழுநோய் மருத்துவமனை தோன்றியது. அக்காலத்தில் தொழுநோயைக் குணப்படுத்தும் மருந்து கிடையாது. சௌல்முக்ரா எண்ணெயை ஊசியால் ஏற்றிப் பார்த்தனர். பயன் மிகக் குறைவு. நோயுற்றோரை ஊர் ஒதுக்கியது, உறவு ஒதுக்கியது, 1898ஆம் ஆண்டுச் சட்டமும் ஒதுக்கியது. குணமாக்குவோம் என்று சொல்ல இயலாத நிலையில் அவர்களருகே இருக்க முன்வந்தவர்களின் துணிவு எங்கிருந்து வந்தது? தொழுநோயாளரைக் கிறிஸ்து தொட்டார் என்ற நற்செய்திக் காட்சியே அதற்குப் பெரிதும் ஊற்றாக இருந்தது.

திருமணியில் பணியாற்றிய மருத்துவர் ராபர்ட் காக்ரேன், 1947இல் வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியைச் சேர்ந்த பால் பிராண்டை அங்கு அழைத்துவந்தார். பிராண்டு 1914இல் நம் கொல்லிமலையில் பிறந்தவர். அவர் இங்கிலாந்தில் படித்துக்கொண்டிருந்த 1929ஆம் ஆண்டில், தந்தை ஜெஸ்ஸி மலேரியாவின் விளைவான கடுங்காய்ச்சலால் மலையிலேயே இறந்தார். தாய் ஈவ்லின் அதன்பின்னும் மலைமக்களிடையே பணியைத் தொடர்ந்து, 1974இல் தம் தொண்ணூற்றைந்தாம் வயதில் மறைந்தார். இக்குடும்பத்திற்கு நம்பிக்கை எந்தக் காப்புறுதியையும் அளிக்கவில்லை என்பதைக் கவனிக்க வேண்டும்.

திருமணியில் ஒரு நோயாளியின் மடங்கிப்போன கையைப் பற்றிய பிராண்டு, தம் கையை இறுக்கிப் பிடிக்கச் சொன்னார். பிடி வலித்தது. செத்துப்போன கை என்று உலகம் தள்ளிய கையில் வலிமையுள்ள தசைகள் உயிரோடிருந்தன! நரம்புகள் செயலிழந்ததால் சில தசைகள் மட்டுமே படுத்துவிட்டன. நல்ல தசைநாண்களை இடம் மாற்றித் தைத்தால் விரல்கள் மீண்டும் இயங்கும். வேலூரில் அவ்வறுவை மருத்துவம் உருவானது இப்படித்தான். விரல்கள் நோயால் தாமே அழுகி உதிர்வதில்லை என்பதையும் அவர் நிறுவினார். சூடு தெரியாமல் பாத்திரத்தைப் பற்றுவதும், முள் தைத்தது அறியாமல் நடப்பதுமே உறுப்புகளைச் சிதைத்தன. வலியின்மையே கேடு, வலி உயிரைக் காக்கும் கொடை என்று அவர் பின்னாளில் எழுதினார்.

அதே பிராண்டு ஒருமுறை நெடும்பயணத்தின் முடிவில் லண்டனில் தம் குதிகாலில் உணர்ச்சியற்றுப் போனதைக் கண்டு, தமக்கும் நோய் தொற்றிவிட்டது என்று இரவு முழுவதும் கலங்கிக் கிடந்தார். காலையில் ஊசியால் குத்தியபோது வலித்தது. அவ்வலிக்காகக் கடவுளுக்கு நன்றி கூறினார். நம்பிக்கையாளரும் அஞ்சுவர். அஞ்சியவர் மறுபடியும் நோயாளரிடமே திரும்பிச் சென்றார் என்பதில்தான் செய்தி இருக்கிறது.

வேலூரில் அவரோடு பணியாற்றிய மேரி வர்கீஸ் 1954இல் நேர்ந்த வாகன விபத்தில் இடுப்புக்குக் கீழே செயலிழந்தார். நடக்க வேண்டுமென்ற வேண்டுதல் நிறைவேறவில்லை. ஆனால் சக்கர நாற்காலியில் அமர்ந்தபடியே தொழுநோயாளரின் கைகளுக்கு அறுவை செய்தார். பின்னர் மறுவாழ்வு மருத்துவத் துறையை அங்கே வளர்த்தெடுத்தார்.

இத்தகைய துணிவு கிறிஸ்தவர்க்கே உரியது என்று நாம் வாதிடவில்லை. சேவாகிராமத்தில் பர்ச்சுரே சாஸ்திரியின் புண்களைக் காந்தியடிகள் தம் கையால் கழுவினார். திருமணி மருத்துவமனையை 1955இல் மைய அரசு ஏற்றுத் தொழுநோய்ப் பயிற்சி ஆராய்ச்சி நிலையமாக்கியது. ஊற்று பலவாக இருக்கலாம். ஆனால் இவ்வூற்றைக் கலக்குவோரைக் கண்டிக்கும் கடமை நமக்குண்டு. "உன் விசுவாசம் குறைந்ததால்தான் நோய் தீரவில்லை" என்று துன்புற்றவர் மீதே பழிபோடும் குரல்கள் இன்று மேடைகளிலும் தொலைக்காட்சிகளிலும் கேட்கின்றன. அச்சொல் மேரி வர்கீஸின் நாற்காலிக்கு முன் நிற்குமா? கொல்லிமலையிலுள்ள ஜெஸ்ஸியின் கல்லறைக்கு முன் நிற்குமா?

வலியே இல்லாத வாழ்வைக் கேட்கும் வேண்டுதல் இயல்பானதுதான். ஆயினும் அது நம்மைப் பிறர் துயருக்கும் மரத்துப்போகச் செய்துவிடக் கூடாது. 2022-23இலும் இந்தியாவில் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட புதிய தொழுநோயாளர் கண்டறியப்பட்டனர். இன்று மருந்து உண்டு, குணமும் உண்டு. அவர்களோடு அஞ்சாமல் கைகுலுக்குவோர்தாம் குறைவு. தமக்குத் துணிவு வேண்டுமென்று மண்டியிடுவோர், எழுந்தபின் யாருடைய கையைப் பற்றப் போகின்றனர் என்பதைக் கொண்டே அந்த நம்பிக்கையை அளப்போம்.