பைப்புக்குள் ஒரு ஜி.ஐ. கம்பி

தமிழ்நாட்டின் 12,525 ஊராட்சிகளுக்கும் கண்ணாடி இழையைக் கொண்டுசேர்க்கும் பாரத்நெட் திட்டத்தைப் பற்றித்தான் இந்த வாரம் எழுதுவதாக இருந்தேன். குறிப்புகள்கூட எடுத்தாயிற்று. அதற்குள் செவ்வாய்க்கிழமை சாயங்காலம் எங்கள் வீட்டுக் கீழ்த்தளத்திலிருந்து மாடி அறைக்கு அதே கண்ணாடி இழை ஏறி வந்துவிட்டது. வந்த வழி என்னை இரண்டு நாளாக வேறு எதையும் நினைக்கவிடவில்லை.

நான் எழுதுவது மாடியில், ரௌட்டர் இருப்பது கீழே. நடுவில் ஐந்து அங்குலக் கான்கிரீட்டும் அதற்குள் நெருக்கிக் கட்டிய கம்பியும். வைஃபை அதைத் தாண்டுவதற்குள் பாதி உயிர் போய்விடும். அதனால் வெளிச்சுவர் வழியாகச் செம்புக் கேபிள் ஒன்றை ஏற்றியிருந்தோம். போன ஐப்பசியில் பக்கத்து வீட்டுத் தென்னையில் இடி விழுந்ததும், கீழே ரௌட்டரும் மேலே கம்ப்யூட்டரின் போர்ட்டும் ஒன்றாகக் கருகியதும் இந்தப் பத்தியைத் தொடர்ந்து படிப்பவர்களுக்குத் தெரியும். அப்போதே ஒரு வாசகர் எழுதியிருந்தார்: கண்ணாடி போடுங்கள், கண்ணாடியில் கரண்ட் ஓடாது. அதைச் செய்ய எனக்கு ஒரு வருஷம் பிடித்திருக்கிறது.

வேலைக்கு வந்த பையனுக்கு இருபத்தைந்து வயதுகூட இருக்காது. "வெளியிலயே கிளிப் அடிச்சுக் கொண்டுபோயிரலாம் சார், இல்லேன்னா தளத்துல ஓட்டை போடணும்" என்றான். தளத்தைத் துளைப்பது என்றதும் எனக்கு வயிற்றைக் கலக்கியது. எங்கே கம்பி ஓடுகிறது என்று யாருக்குத் தெரியும்? அப்போதுதான் மாடிப்படி ஓரத்தில், மூன்று தடவை பெயின்ட் அடித்து சுவரோடு சுவராகிப்போன அந்த வெற்றுப் பிளேட் ஞாபகத்துக்கு வந்தது.

காலிப் பைப் பற்றி நான் ஆரம்பித்தால் நிறுத்த மாட்டேன் என்று என் வீட்டில் சொல்வார்கள். சொல்லட்டும். இன்று கட்டுகிற வீடுகளில் இத்தாலி மார்பிள் இருக்கிறது, ஃபால்ஸ் சீலிங்குக்குள் நூறு விளக்கு இருக்கிறது; ஒரு தளத்திலிருந்து இன்னொரு தளத்துக்கு ஒன்றுமே ஓடாத ஒரு பைப் இருக்கிறதா என்று கேட்டால் இன்ஜினீயர் முழிக்கிறார். 2016-ஆம் வருஷத்துத் தேசியக் கட்டட விதித்தொகுப்பில் தகவல் தொடர்பு வசதிகளுக்கென்று தனிப் பிரிவே உண்டு. சென்ட்ரிங் பலகைமேல் கம்பி கட்டி முடித்த பிறகு, கான்கிரீட் கொட்டுவதற்கு முந்தைய அந்த ஒரு நாளில் ஒரு பைப்பைச் செருகிவிடலாம். ஆகும் செலவு சில நூறு ரூபாய். அந்த நாளைத் தவறவிட்டால் பிறகு எத்தனை ஆயிரம் செலவழித்தாலும் உடைக்கத்தான் வேண்டும்.

எங்கள் வீட்டில் அந்த நாள் 1998-இல் வந்தது. நான் அருகிலேயே நின்றிருந்தேன். எலெக்ட்ரீசியன் அண்ணன் மிச்சம் விழுந்த ஒரு இஞ்ச் பைப் துண்டுகளை கப்ளிங் போட்டு ஒட்டிக்கொண்டிருந்தார். அப்பா பார்த்துவிட்டு, "இதுல என்னப்பா ஓடப்போகுது?" என்று கேட்டார்.

"இப்போதைக்கு ஒண்ணுமில்ல சார். சும்மா கெடக்கட்டும்."

"சும்மா கெடக்கிறதுக்கு எதுக்குப்பா பைப்பு?"

அண்ணன் வேலையை நிறுத்தவில்லை. "கேபிள் டிவி வந்தப்போ எத்தனை வீட்டுச் சுவத்தை நான் உடைச்சேன் தெரியுமா சார்? நானே போட்ட வீட்டை நானே உடைச்சேன். அடுத்து என்ன வரும்னு தெரியல. என்னமோ வரும்."

ஒட்டி முடித்ததும் உள்ளே ஜி.ஐ. கம்பி ஒன்றைக் கோத்து, இரண்டு முனையையும் வளைத்து, சிமென்ட் மூட்டைத் தாளைச் சுருட்டி வாயை அடைத்தார். அப்பா பைப்புக்குத் தனியாகக் காசு கொடுத்ததாக எனக்கு நினைவில்லை. அண்ணன் கேட்டதாகவும் நினைவில்லை.

செவ்வாய்க்கிழமை அந்தப் பிளேட்டைக் கத்தியால் கீறித் திறந்தோம். தாள் அப்படியே இருந்தது, தொட்டதும் பொடியாக உதிர்ந்தது. அதன் பின்னால் கம்பி. முனையில் மட்டும் துரு. பையன் லேசாக இழுத்துப் பார்த்தான். மாடியில் கம்பி அசையும் சத்தம் கேட்டது. "யாரு சார் போட்டது இது?" என்றான்.

அவன் கொண்டுவந்தது ஒற்றை இழை. உள்ளே இருக்கும் கண்ணாடி ஒரு மில்லிமீட்டரில் எட்டில் ஒரு பங்கு தடிமன். அதிலும் நடுவிலிருக்கும் ஒன்பது மைக்ரானில்தான் ஒளி போகிறது. போகிற தகவலுக்கு 1310 நானோமீட்டர், வருகிறதற்கு 1550. இரண்டும் நம் கண்ணுக்குத் தெரியாத நிறங்கள், ஒரே இழையில் மோதாமல் எதிரெதிரே ஓடுகின்றன. இழுக்கும்போது இழுவை கண்ணாடிமேல் விழக்கூடாது என்று, உறைக்குள் இருக்கும் மஞ்சள் அராமிட் நூலைப் பிரித்து அதைத்தான் கம்பியில் முடிந்தான். பைப்புக்குள் டால்கம் பவுடரை ஊதினான். நான் மேலிருந்து கம்பியை இழுக்க இழுக்க, முதலில் பவுடர் வாசனை வந்தது. பிறகு மஞ்சள் உறை வந்தது.

மாட்டும் முன் கனெக்டர் முனையை அவன் துடைத்த விதத்தைப் பார்க்க வேண்டும். ஒரு தூசி உட்கார்ந்தால் ஒளி அங்கேயே நின்றுவிடுமாம். 1966-இல் சார்லஸ் காவ் சொன்னதும் கிட்டத்தட்ட அதுதான்: ஒளியைத் தின்பது கண்ணாடிக்குள் இருக்கும் மாசு, அதை நீக்கினால் வெகுதூரம் போகும் என்றார். நான்கு வருஷத்தில் கார்னிங் நிறுவனத்தார் அப்படியொரு இழையைச் செய்து காட்டினார்கள். காவுக்கு நோபல் பரிசு கிடைக்க 2009 ஆயிற்று.

கீழே பையன் பேனா மாதிரி ஒரு சிவப்பு விளக்கை இழையில் வைத்து, "சார், தெரியுதா?" என்று கத்தினான். என் உள்ளங்கையில் குங்குமப் பொட்டு அளவில் சிவப்பு விழுந்தது. தெரிகிறது என்று சொல்லக் கொஞ்ச நேரம் ஆயிற்று எனக்கு.

ராத்திரி அண்ணனுக்குப் போன் செய்தேன். இப்போது வேலைக்குப் போவதில்லை, மகனோடு திருமங்கலத்தில் இருக்கிறார். நான் சொல்லச் சொல்லக் கேட்டுக்கொண்டே இருந்தார். பெரிதாகச் சந்தோஷப்படவும் இல்லை. "மூணு பெண்டு வரும் அதுல. ரெண்டாவதுல சிக்கலையா தம்பி?" என்றார். சிக்கவில்லை என்றேன்.

"கம்பிய வெளிய எடுத்துட்டீங்கள்ல. பதிலுக்கு நூலு ஏதும் உள்ள விட்டீங்களா?"

விடவில்லை. எனக்கும் தோன்றவில்லை, பையனுக்கும் தோன்றவில்லை.

மறுநாள் காலையிலேயே பையனைக் கூப்பிட்டேன். மாடியில் இழையின் முனையில் நைலான் நூலைக் கட்டி, கீழிருந்து இழையைத் திரும்ப இழுத்தோம். பிறகு அதே நூலில் இழையையும் இன்னொரு நூலையும் சேர்த்துக் கட்டி மேலே ஏற்றினோம். அரைமணி நேர வேலை. கூலி வேண்டாம் என்றவன் கையில் வற்புறுத்தித்தான் கொடுக்க வேண்டியிருந்தது. மிச்ச நூலை இரண்டு பக்கமும் சுருட்டி பாக்ஸுக்குள் வைத்து, பிளேட்டின் பின்புறம் "நூல் உள்ளது" என்று மார்க்கரால் எழுதி மூடியிருக்கிறேன்.